ஓடு கழற்றும் நண்டு

சீல்டாவுக்கும் கானிங்குக்கும் இடையே ரயிலில் சென்று வரும் அன்பர்கள், சுந்தரவனத்துச் சேற்று நண்டுகளைக் கூடைகளில் கண்டிருப்பார்கள். வங்காளிகள் 'காங்க்ரா' என்றழைக்கும் இந்நண்டைக் கொல்கத்தாவில் குடியேறிய நம்மவரும் விரும்பி வாங்குகிறோம். சமைத்த பின்னர், "ஓடு பெரிதாயிருக்கிறது, உள்ளே சதையைக் காணோமே!" என்று வீட்டில் குறைப்படுவதும் உண்டு. சிலர் நிலவின்மேல் பழி போடுவர். உண்மைக் காரணத்தை நண்டின் வளர்ச்சியிலேயே காணலாம்.

சுண்ணாம்புச் சத்து ஏறி இறுகிய நண்டின் ஓடு, உடலோடு வளர்வதில்லை. ஆகவே வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். முதலில் அதன் அடியில் மெல்லிய புதுத் தோல் உருவாகிறது. பிறகு ஓட்டின் பின்விளிம்பு பிளக்க, நண்டு பின்பக்கமாக வெளியேறுகிறது. கால்களையும் கண்காம்புகளையும் உறையிலிருந்து உருவுவது போல் உருவிக்கொள்கிறது. இரைப்பையின் உட்தோலுங்கூடப் பழைய ஓட்டோடு போய்விடுகிறது! உடனே நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அந்த அளவிலேயே புது ஓடு இறுகுகிறது. சதையோ பின்னரே நிறைகிறது. நாம் ஏமாந்து வாங்குவது இத்தகைய நண்டையே. கையில் எடுத்தால் கனமில்லாதிருப்பதைக் கொண்டு இதை அறியலாம்.

இழந்த கொடுக்கும் இவ்வாறே மீள்கிறது. சிறு மொட்டாகத் தோன்றி, அடுத்தடுத்த ஓடு மாற்றங்களில் பெரிதாகிறது.

இனப்பெருக்கமும் ஓடு மாற்றத்தோடு பிணைந்ததே. பெண் நண்டு ஓடு கழற்றி மென்மையாயிருக்கும் வேளையிலேயே இணைசேர்தல் நிகழ்கிறது. ஆண் நண்டு சில நாட்களுக்கு முன்பே பெண்ணைத் தன் உடலின் கீழ் அணைத்துச் சுமக்கிறது. இணைசேர்ந்த பின்னும் எதிரிகள் அணுகாதவாறு காவல் நிற்கிறது. பின்னர்ச் சினை முற்றிய தாய், கழிமுகத்தை விட்டுக் கடலை நோக்கிச் செல்கிறது. அங்கு இடும் முட்டைகள் பத்து இலட்சத்துக்கும் மேலாகும். அவற்றை அகன்ற வயிற்று மடலின் கீழ் ஏறக்குறைய இரண்டு வாரம் சுமக்கிறது.

பொரித்த குஞ்சு நண்டைப் போன்றே இராது. 'சோயியா' என்னும் மிதக்கும் நுண்ணுயிராய் ஐந்து பருவங்களையும், 'மெகலோபா' என்னும் வாலுள்ள பருவத்தையும் கடந்து, சுமார் ஒரு மாதத்தில் சிறு நண்டாகிறது. இதற்குள் மீன்களுக்கு இரையானவை போக எஞ்சுபவை மிகச் சிலவே.

நாமும் முன்னர்ச் சினை நண்டையே தேடிப்பிடித்து வாங்கியவர்களே. கடலுக்குப் போகும் வழியில் அகப்பட்ட தாய் அது என்பதை அப்போது அறியோம். நண்டைப் புரட்டிப் பாருங்கள்: வயிற்று மடல் குறுகி முக்கோணமாயிருந்தால் ஆண், அகன்று வளைந்திருந்தால் பெண். ஆண் நண்டின் கொடுக்கு பெரிது; அதில் சதையும் மிகுதி. கனமான ஆண் நண்டையே கேட்டு வாங்குவோமாக. நம் சமையலுக்குக் குறைவில்லை. நாளைய கூடையும் வெறுமையாகாது.