ஊக்கத்தின் ஊற்று

தளிர்நடை பயிலும் குழந்தையை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அது விழுகின்றது, எழுகின்றது, மீண்டும் விழுகின்றது, மீண்டும் எழுந்து நடக்கின்றது. நடந்தால் பரிசு தருவோம் என்று அதற்கு எவரும் ஆசை காட்டவில்லை. நடவாவிடில் தண்டிப்போம் என்று எவரும் அச்சுறுத்தவும் இல்லை. கண்ட பொருளையெல்லாம் கையில் எடுத்துப் பார்ப்பதும், 'இஃது என்ன? அஃது ஏன்?' என்று ஓயாது வினவுவதும் குழந்தையின் இயல்பு. இத்துணை ஆர்வத்துடன் உலகை அறியத் தொடங்கிய குழந்தை, பள்ளியிற் சேர்ந்து சில ஆண்டுகள் கழிந்தபின் பாடநூலைக் கண்டதும் சோர்வடைவது ஏன்? அந்த ஆர்வம் எங்கே போயிற்று? இத்தகைய வினாக்களை ஆராய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட உளநூலறிஞருள் ஒருவர் எட்வர்டு டெசி என்பவர்.

டெசி, அமெரிக்க நாட்டில் 1942ஆம் ஆண்டில் பிறந்தவர். கல்லூரியிற் கணிதம் பயின்ற அவர், பின்னர் உளநூலில் நாட்டங்கொண்டு, பிட்சுபர்க்கு நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். உயிர்கள் பரிசை விரும்பியோ தண்டனைக்கு அஞ்சியோதான் செயலிற் புகுகின்றன என்பது அக்காலத்து உளநூலார் பலருடைய கொள்கை. ஆயினும், ஹாரி ஹார்லோ என்னும் அறிஞர் வேறொன்று கண்டிருந்தார். தாழ்ப்பாள்கள் பொருத்திய புதிர்களைக் குரங்குகள் உணவு முதலிய எப்பயனும் பெறாமலே மீண்டும் மீண்டும் கழற்றிப் பார்த்ததை அவரும் அவர்தம் துணைவரும் 1950ஆம் ஆண்டில் வெளியிட்டனர். செயலே செயலுக்குப் பரிசாவதும் உண்டு என்பது இதனால் விளங்கிற்று. அங்ஙனமாயின், தானே விரும்பிச் செய்யும் செயலுக்குக் கூலியும் கொடுத்தால் விருப்பம் இருமடங்கு ஆகுமா? அன்றிக் குறையுமா? இதுவே டெசி எழுப்பிய வினா.

இதனை ஆராய, அவர் சோமா என்னும் புதிரைக் கருவியாகக் கொண்டார். ஏழு துண்டுகளைச் சேர்த்துப் பல்வேறு வடிவங்களை அமைப்பது அப்புதிர். இளைஞர் உள்ளத்தை எளிதிற் கவர்வது. கல்லூரி மாணவர் 24 பேரை இரு குழுவினராக்கி, மூன்று அமர்வுகளில் அவர்களைப் புதிரில் ஈடுபடுத்தினார். இரண்டாம் அமர்வில் மட்டும் ஒரு குழுவினர்க்கு, விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் வழங்கப்பட்டது. மற்றைக் குழுவினர் எந்நாளும் கூலி பெற்றிலர். ஒவ்வோர் அமர்வின் இடையிலும் ஆய்வாளர் 8 நிமிடம் வெளியே சென்றுவிடுவார். அப்போது மாணவர் இதழ்களைப் படிக்கலாம், வாளா இருக்கலாம், விரும்பினால் புதிரைத் தொடரலாம். அவர்கள் தாமே விரும்பிப் புதிரிற் செலவிட்ட நேரம் மறைவாகக் கணக்கிடப்பட்டது.

விளைவு யாது? கூலி பெற்றுப் பின் அதனை இழந்த குழுவினர், மூன்றாம் அமர்வில், முதலமர்வைக் காட்டிலும் சராசரியாக ஏறத்தாழ 50 நொடி குறைவாகவே புதிரை நாடினர். கூலியே பெறாதவரோ முன்னினும் மிகுதியாக நாடினர். விளையாட்டாய் இருந்தது கூலிக்குச் செய்யும் வேலையாய் மாறியதும், கூலி நின்றவுடன் விருப்பமும் தளர்ந்தது. 1971ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாராய்ச்சி, அறிஞரிடையே பெருஞ்சொற்போரை விளைத்தது.

சிறு குழந்தைகளிடத்தும் இவ்வுண்மை காணப்பட்டது. 1973ஆம் ஆண்டில் மார்க் லெப்பர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் விருப்பமுடைய மழலையர் பள்ளிக் குழந்தைகளுட் சிலர்க்கு, 'வரைந்தால் அழகிய சான்றிதழ் தருவோம்' என்று முன்னரே கூறி, அவ்வாறே வழங்கினர். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அக்குழந்தைகள் வரைவதிற் செலவிட்ட நேரம் பிற குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. முன்னறிவிப்பின்றி எதிர்பாராத பரிசு பெற்ற குழந்தைகளிடம் இக்குறை காணப்படவில்லை. ஆகவே, 'இது கிடைப்பதற்காகவே இதனைச் செய்கின்றேன்' என்னும் எண்ணமே ஊற்றுக்கண்ணை அடைப்பது என்பது பெறப்படும்.

பரிசினால் தீங்கில்லை என மறுத்துரைத்த அறிஞரும் உளர். அவர்க்கு விடையாக, டெசியும் அவர்தம் துணைவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, 1999ஆம் ஆண்டில் முடிவினை வெளியிட்டனர். எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு தன்னார்வத்தைக் குறைக்கின்றது. உளமார்ந்த பாராட்டுரையோ அதனை வளர்க்கின்றது என்பதே அம்முடிவு. எனினும், இயல்பாகவே சுவையற்ற வேலைக்கு இது பொருந்தாது. இல்லாத ஆர்வத்தைப் பரிசு எங்ஙனம் குறைக்கும்?

டெசி, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ரையான் என்னும் அறிஞருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார். இருவரும் 1985ஆம் ஆண்டில் எழுதிய நூலில் தங்கள் கோட்பாட்டை விரித்துரைத்தனர். செடி தழைக்க நீரும் ஒளியும் மண்ணும் வேண்டுவதுபோல, மனம் தழைக்க மூன்று வேண்டும் என்பது அவர்கள் துணிபு. 'என் விருப்பத்தோடு செய்கின்றேன்' என்னும் உரிமையுணர்வு ஒன்று. 'என்னால் இயலும்' என்னும் ஆற்றலுணர்வு மற்றொன்று. 'என்பால் அன்புடையார் உளர்' என்னும் உறவுணர்வு பிறிதொன்று. இம்மூன்றும் வாய்ப்பின் ஊக்கமும் உளநலமும் ஒருங்கே வளரும். இவை குன்றின் இரண்டும் வாடும்.

கல்வியில் இதன் பயனை வெண்டி குரோல்னிக்கும் ரையானும் 1987ஆம் ஆண்டில் காட்டினர். ஐந்தாம் வகுப்பு மாணவருட் சிலரிடம், 'இதனைப் படியுங்கள். தேர்வு வைத்து மதிப்பெண் இடுவோம்' என்றனர். வேறு சிலரிடம், 'இதனைப் படியுங்கள். கற்றதைப் பற்றிக் கேட்போம். மதிப்பெண் இல்லை' என்றனர். உடனே வினவியபோது செய்திகளை நினைவு கூர்வதில் இரு திறத்தாரும் ஏறத்தாழ ஒத்திருந்தனர். ஆனால், கருத்தை உணர்ந்துகொள்வதில் மதிப்பெண்ணுக்கு அஞ்சியவர் பின்தங்கினர். ஒரு வாரம் கழிந்தபின் மறந்ததும் அவர்களே மிகுதி. அச்சத்தாற் கற்றது நீரில் எழுதிய எழுத்தாயிற்று.

ஆயின், குற்றம் ஆசிரியருடையதா? டெசியின் ஆராய்ச்சியுள் எண்ணத்தக்க பகுதி இதுவே. மாணவர்க்கு உரிமை தந்து ஊக்குவிக்கும் ஆசிரியரின் வகுப்பில், குழந்தைகள் கற்கும் ஆர்வமும் தன்மதிப்பும் மிக்கவராய் இருந்தமையை 1981ஆம் ஆண்டு ஆய்வு புலப்படுத்திற்று. எனில், எல்லா ஆசிரியரும் அவ்வாறு நடவாதது ஏன்? அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வு அதற்கு விடை பகர்ந்தது. புதிர் கற்பிக்கும் பணியை ஏற்றவருட் சிலர்க்கு மட்டும், 'உம் மாணவர் குறித்த தரத்தை எட்டச் செய்வது உம் பொறுப்பு' என்று கூறப்பட்டது. அவ்வொரு சொல்லே அவர்களை மாற்றிற்று. அவர்கள் மிகுதியாகப் பேசினர், மிகுதியாக ஆணையிட்டனர், குறை கூறினர், மாணவர் தாமே எண்ணிப் பார்க்க இடந்தந்திலர். மேலிருந்து அழுத்தப்பட்டவர் கீழுள்ளாரை அழுத்தினர். ஆசிரியர்க்கும் உரிமையும் மதிப்பும் உறவும் இன்றியமையாதன. அவர் உள்ளம் வறண்டால் மாணவர் உள்ளம் எங்ஙனம் தழைக்கும்?

உரிமை தருவதென்றால் கட்டுப்பாட்டைக் கைவிடுவதோ என ஐயுறுவார் உளர். அன்று. ரையான் முதலியோர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் வண்ணந்தீட்டினர். தூய்மை பேணவேண்டும் என்னும் விதி அவர்கட்கு இருவகையாகக் கூறப்பட்டது. சிலர் வெற்றாணையாக அதனைக் கேட்டனர். ஏனையோரிடம், வண்ணத்தைச் சிதறி விளையாடுவது இன்பந்தான் என்பதை ஒப்புக்கொண்டு, பிறர்க்கும் அவை பயன்பட வேண்டும் என்னும் காரணமும் கூறப்பட்டது. விதி ஒன்றே, ஆயினும், காரணம் கேட்ட குழந்தைகளிடம் ஆர்வம் குன்றவில்லை, ஆணை கேட்டவரிடம் குன்றிற்று.

பரிசும் மதிப்பெண்ணும் பள்ளியை விட்டு நீங்கப்போவதில்லை. அவற்றை அளவுகோலாகக் கொள்ளுதல் தகும். குறிக்கோளாகக் கொள்ளுதல் தகாது. ஒரு கணக்கின் விடை கிடைத்தபோது எழும் மகிழ்ச்சியையும், விளங்காத பொருள் விளங்கியபோது தோன்றும் தெளிவையும் சுவைத்தறிந்த மாணவன், தேர்வு முடிந்தபின்னும் நூலை மூடான். ஊக்கம் வெளியிலிருந்து கொணர்ந்து ஊற்றும் நீரன்று. உள்ளத்தே சுரக்கும் ஊற்று. அதனை அடைக்கும் கல்லை அகற்றுவது ஆசிரியர், பெற்றோர், ஆட்சியாளர் ஆகிய அனைவரின் கடமை; அதனைப் பருகி வளர்வது மாணவரின் கடமை.