பழைய சட்டையில் சுங்குடிப் புள்ளி

"எப்பப் பார்த்தாலும் அண்ணன் போட்ட பழசுதானா எனக்கு?" மொரப்பூரில் எங்கள் வீட்டுச் சின்னவன் ஒருநாள் அழுதே விட்டான். மங்கிப்போன அந்த வெள்ளைப் பருத்திச் சட்டையைப் பார்த்ததும் மதுரைச் சுங்குடி ஞாபகம் வந்தது. சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் அந்தச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்ததே! இறுகக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூட்சுமம்.

சட்டையை அலசி, ஈரத்தோடு ஆங்காங்கே புளியங்கொட்டையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டினோம். கட்டியது அவன்தான். பழைய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர், 4 ஸ்பூன் மஞ்சள்தூள், 1 ஸ்பூன் படிகாரத்தூள் போட்டுக் கொதித்ததும், சட்டையைப் போட்டு அரைமணி நேரம் சிறு தீயில் வைத்தேன். அடுப்பு வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். ஆறியபின் அலசி முடிச்சை அவிழ்த்தால், மஞ்சளில் வெள்ளை வட்டங்கள்!

முதல் தடவை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன். சட்டை சிவந்துபோய் அவன் முகம் வாடிவிட்டது. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கினேன், மஞ்சள் திரும்பியது. ஆகவே பூந்திக்கொட்டை நீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வெளுத்துவிடும். பாலியஸ்டர் துணியில் சரியாகப் பிடிக்காது.

இப்போது பெரியவன் கேட்கிறான்: "அம்மா, எனக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன்!"