முதுகுல தண்ணி எடுக்கிறது

பதிவு போட்டு ரெண்டு மாசமாச்சு. இந்த முறை காரணம் சோம்பேறித்தனம் இல்லை மக்களே. என் ரூம்மேட் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நாலு நாளா காய்ச்சல், தலைவலி. கோவிட் டெஸ்ட் நெகட்டிவ். பிப்ரவரி மாசம் லண்டன்ல யாருக்குத்தான் ஃப்ளூ இல்லைன்னு விட்டுட்டோம். அஞ்சாம் நாள் காலையில கிச்சன்ல நின்னுக்கிட்டு, "ரயில் எத்தனை மணிக்கு?"ன்னான். அரிசி டப்பாவுல சோப்புத்தூளைக் கொட்டி வச்சிருந்தான். நாங்க சிரிச்சோம். மத்தியானம் வலிப்பு வந்தப்புறம்தான் 999-க்கு போன் போட்டோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா?" என்பதுதான். மூளையைச் சுத்தியிருக்கிற உறை வீங்கினா மெனிஞ்சைடிஸ். கழுத்து விறைக்கும், வெளிச்சம் கூசும். மூளையே வீங்கினா என்செபலைட்டிஸ். காய்ச்சலோட சேர்ந்து ஆளே மாறின மாதிரி நடந்துகிட்டா இதைத்தான் சந்தேகப்படணுமாம்.

ஸ்கேன் முடிஞ்சதும், முதுகுல தண்ணி எடுக்கணும்னாங்க. ஊருக்கு போன் போட்டேன். "தம்பி, அது எடுத்தா கால் விளங்காமப் போயிடுமாமே, வேண்டாம்னு சொல்லுப்பா"ன்னு அவன் அம்மா அழறாங்க. நிஜமா சொல்றேன், எனக்கும் அதே பயம்தான். நர்ஸ் பொறுமையா விளக்கினாங்க: தண்டுவடம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிஞ்சுடுது. ஊசி போறது அதுக்கும் கீழே, வெறும் நரம்பிழைகள் நீர்ல மிதக்கிற இடத்துல. அதை அப்படியே அம்மாகிட்ட சொன்னேன். "சரிப்பா, நீ பக்கத்துலயே இரு"ன்னாங்க.

ரிசல்ட் வரட்டும்னு யாரும் காத்திருக்கலை. அன்னிக்கு ராத்திரியே அசைக்ளோவிர் டிரிப்ஸ் ஏறிடுச்சு. எட்டு மணி நேரத்துக்கு ஒண்ணு, 21 நாள். பி.சி.ஆர். சோதனையில் வந்தது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்! பாதி உலகத்துக்கு மேல அதைச் சுமந்துக்கிட்டுத்தான் திரியுது. வருஷத்துக்குப் பத்து லட்சத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் மூளைக்குப் போகுது. அவனுக்கு ஏன்னு கேட்டா பதில் இல்லை. இதுவாவது பேர் தெரிஞ்ச எதிரி. 2010-ல் வந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றில் 203 என்செபலைட்டிஸ் நோயாளிகளில் 37 சதவீதம் பேருக்குக் காரணமே பிடிபடவில்லை. 21 சதவீதம் பேருக்கு அவங்க எதிர்ப்புச்சக்தியே மூளையைத் தாக்கியிருந்தது.

மருந்து இல்லாத காலத்தில் இந்த ஹெர்ப்பிஸ் வகையில் சுமார் 70 சதவீதம் பேர் இறந்தார்கள். 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அசைக்ளோவிர் பெற்றவர்களில் இறந்தது 28 சதவீதம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறாங்களோ அவ்வளவு நல்லது. அந்த அஞ்சு நாளை நினைச்சா இன்னும் வயித்தைக் கலக்குது.

பிழைச்சாலும் எல்லாம் திரும்ப வந்துடறதில்லை. இங்கே கிளைவ் வேரிங்னு ஒரு இசைக்கலைஞர். 1985-ல் இதே நோய். அதுக்கப்புறம் புது ஞாபகம் எதுவும் அரை நிமிஷத்துக்கு மேல தங்கலை. பியானோ மட்டும் மறக்கலை.

நம்மாளு அந்த அளவுக்கு இல்லை. கேட்டதையே மூணு தடவை கேட்கிறான், சீக்கிரம் களைச்சுடறான். படிப்பை ஒரு வருஷம் தள்ளி வச்சாச்சு. அம்மா வந்திருக்காங்க, வீடெல்லாம் ரசம் வாசனை.

போடறதுக்கு முன்னாடி இதை அவன்கிட்ட படிச்சுக் காட்டினேன். போட்டுக்கோன்னுட்டான். சோப்புத்தூள் மேட்டரை மட்டும் நம்பவே மாட்டேங்கிறான்.