கையில் 'கியூ', துணைக்கு 'யு' இல்லை: ஆங்கிலச் சொல் விளையாட்டில் கைகொடுக்கும் இந்தியச் சொற்கள்

ஸ்கிராபிள் ஆட்டம் முடியும் தறுவாயில் 'கியூ' என்ற எழுத்துக் கட்டை கையில் எஞ்சி நிற்பதைவிடச் சங்கடமான நிலை ஆட்டக்காரருக்கு வேறில்லை. அதன் மதிப்பு 10 புள்ளிகள். பலகையில் வைத்தால் வரவு. வைக்க முடியாமல் போனால் அதே 10 புள்ளிகள் கணக்கில் கழிக்கப்படும். தன் கட்டைகளை முதலில் தீர்த்த எதிராளிக்கு அவை சேர்ந்தும் விடும். ஆங்கிலச் சொற்களில் கியூவை அடுத்துப் பெரும்பாலும் 'யு' வர வேண்டும் என்பதே சிக்கல். மொத்தமுள்ள 100 கட்டைகளில் 'யு' நான்கு மட்டுமே.

இந்த இடத்தில்தான் இந்திய ஆட்டக்காரர்களுக்கு அவர்களே அறியாத ஒரு வசதி இருக்கிறது. 'யு' இல்லாமல் கியூ இடம்பெறும் ஆங்கில அகராதிச் சொற்களில் கணிசமானவை அரபு, ஹீப்ரு, சீனம் போன்ற மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றுள் பல, இந்தியத் தெருக்களிலும் செய்தித்தாள்களிலும் நாள்தோறும் புழங்குபவை. ஃபகீர், தலாக், நிகாப் ஆகிய மூன்றுமே கியூவை வைத்து எழுதப்படும் ஐந்தெழுத்துச் சொற்கள். சிறப்புக் கட்டங்களின் பெருக்கல் இல்லாமலேயே ஃபகீர் 17 புள்ளிகளையும், நிகாப் 16 புள்ளிகளையும், தலாக் 14 புள்ளிகளையும் தரும். ஏழெழுத்துச் சொல்லான கவ்வாலிக்கு 22 புள்ளிகள். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கி அதை அமைத்தால் கூடுதலாக 50. ஆனால் 'இது ஆங்கிலச் சொல் ஆயிற்றா' என்ற தயக்கத்தில் பலர் இவற்றை நினைத்தே பார்ப்பதில்லை.

'ஜே' எழுத்தின் கதையும் இதுதான். அதன் மதிப்பு 8 புள்ளிகள். ஜேயில் முடியும் ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் ஆங்கிலேயரே சற்று விழிப்பார்கள். ராஜ், தாஜ், ஹஜ், ஸ்வராஜ் என்று அடுக்குவது இந்தியருக்கு எளிது. இவை அனைத்தும் ஸ்கிராபிளில் ஏற்கப்படுபவை. விடுதலைப் போராட்டக் காலத்து முழக்கமான ஸ்வராஜ், பலகையில் 16 புள்ளிகள் பெறும். இந்தியப் போட்டிகளிலும் பின்பற்றப்படும் காலின்ஸ் சொற்பட்டியலில் காதியும் உண்டு, இட்லியும் தோசையும் உண்டு.

எழுத்துகளுக்கு இந்த மதிப்புகளை நிர்ணயித்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலை இழந்திருந்த அவர், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வந்த 'இ' எழுத்துக்கு 12 கட்டைகளும், அரிதாக வந்த 'கியூ', 'இசட்' ஆகியவற்றுக்குத் தலா ஒன்றும் ஒதுக்கினார். 'எஸ்' எழுத்தை மட்டும் வேண்டுமென்றே நான்காகக் குறைத்தார். எந்தப் பெயர்ச்சொல்லுடனும் அதை ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் புள்ளி பெறுவதைத் தடுப்பதே நோக்கம்.

குறிப்பிட்ட எழுத்துகள் அடங்கிய சொல்லைத் தேட வழக்கமான அகராதி அதிகம் உதவாது. அது முதலெழுத்து வரிசையில் அமைந்தது; நடுவில் கியூ வரும் சொல்லைக் காண முழு நூலையும் புரட்ட வேண்டும். கணினித் தேடல் கருவிகள் கையாளும் உத்தி எளிமையானது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் கலைத்து அடுக்கி, அதையே அச்சொல்லின் அடையாளமாக வைத்துக்கொள்கின்றன. கேட்பதைக் குறிக்கும் 'லிசன்', அமைதியைக் குறிக்கும் 'சைலன்ட்', ஜிகினாவைக் குறிக்கும் 'டின்சல்' ஆகியவற்றை இவ்வாறு அடுக்கினால் மூன்றும் இ, ஐ, எல், என், எஸ், டி என்ற ஒரே வரிசையாகிவிடும். தேர்ந்த ஆட்டக்காரர்களும் கையிலுள்ள கட்டைகளை இப்படி அடுக்கியே பயிற்சி செய்கின்றனர். காதை நம்பினால் 'லிசன்' என்ற சொல்லில் 'டி' இருப்பதே தெரியாது. ஒலித்தபடியே எழுதிப் பழகிய இந்திய மொழியினர் முதலில் விட வேண்டிய பழக்கம் இது.

வேர்டில் விளையாட்டில் தேடலின் திசை மாறுகிறது. ஜோஷ் வார்டில் உருவாக்கி 2021 அக்டோபரில் பொதுவெளிக்கு வந்த இவ்விளையாட்டை, 2022 ஜனவரி இறுதியில் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கியது. ஆங்கிலத்தில் ஏறத்தாழ 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் இருந்தபோதிலும், அவரது துணைவியார் பலக் ஷா அவற்றைச் சலித்து, பரவலாக அறியப்பட்ட சுமார் 2,500 சொற்களை மட்டுமே விடைகளுக்காகத் தேர்ந்தெடுத்தார். எனவே, ஸ்கிராபிளில் கைகொடுக்கும் அரிய சொற்கள் இங்கு விடையாக வரும் வாய்ப்பு குறைவு.

இங்கு பலரையும் வீழ்த்துவது பழகிய சொற்களே. கடைசி நான்கு எழுத்துகள் 'நைட்', 'லைட்' ஆகியவற்றில் உள்ளபடி உறுதியாகிவிட்டால், ஃபைட், மைட், ரைட், சைட், டைட், எய்ட் என முதலெழுத்து மட்டும் மாறும் சொற்கள் வரிசைகட்டும். ஒவ்வொன்றாக முயன்றால் ஆறு வாய்ப்புகளும் தீர்ந்துவிடும். விடையாக இருக்க முடியாது என்று தெரிந்தே 'ஃபிலிம்ஸ்' என்ற சொல்லை இடுவது புத்திசாலித்தனம். எஃப், எல், எம், எஸ் ஆகிய நான்கு எழுத்துகளும் ஒரே முயற்சியில் சோதிக்கப்பட்டுவிடும். கடின முறையில் இந்தக் குறுக்குவழிக்கு அனுமதி இல்லை. கண்டறிந்த எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் பயன்படுத்தியாக வேண்டும்.

பொருள் தெரியாமல் சொற்களைக் குவிப்பது மொழியறிவாகுமா என்ற கேள்வி எழக்கூடும். 2007இல் மும்பையில் நடைபெற்ற உலக ஸ்கிராபிள் போட்டியின் இறுதிச் சுற்றில் மலேசியாவின் கணேஷ் ஆசிர்வாதத்தை வென்று பட்டம் பெற்றவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். அவரே 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியிலும், 2024இல் ஸ்பானிய மொழிப் போட்டியிலும் உலகப் பட்டம் வென்றார். அவ்விரு மொழிகளிலும் அவருக்குப் பேச வராது; சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்திருந்தார்.

புதிதாக விளையாடுவோர் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. இரண்டெழுத்துச் சொற்களிலிருந்து தொடங்கலாம். உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான, 'சீ' என்று ஒலிக்கும் 'கியூ-ஐ' அவற்றுள் முதன்மையானது. கியூவைத் தீர்க்க ஒரேயொரு 'ஐ' போதும்; அந்த எழுத்துக்கோ ஒன்பது கட்டைகள் உள்ளன.