ஊசியும் ஒழுக்கமும்

'போதை உடம்பைக் கெடுக்கும்' என்பதோடு நமது ஒழுக்கச் சொல்லாடல் முடிந்துவிடுகிறது. எது, எப்படிக் கெடுக்கிறது என்று கேட்பதில்லை. ஒருவர் போட்ட ஊசியில் தங்கும் துளி ரத்தம் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளை அடுத்தவர் உடலில் சேர்க்கிறது. தோலைத் துடைக்காமல் குத்தினால் சீழ்க்கட்டி. கிருமி இதய வால்வு வரைகூடப் போகும். இந்த நோய்கள் பெரும்பாலும் ஹெராயினால் வருபவை அல்ல. சுத்தமான ஊசி கிடைக்காததால் வருபவை.

1984இல் ஆம்ஸ்டர்டாமில் பழைய ஊசிக்குப் புது ஊசி தரும் திட்டம் தொடங்கியது. ஹெபடைடிஸ் பி-க்கு அஞ்சி அதைக் கேட்டுப் பெற்றவர்கள் போதைப் பழக்கத்தில் இருந்தவர்களே. அவர்களுக்கென்று சங்கம் இருந்தது. பேசப்படும் உடல் தானே பேசத் தொடங்கிய இடம் என்று இதைச் சொல்வேன். 'முதல்ல திருந்தட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்பது வைத்தியமல்ல, தண்டனை. திருந்துவதற்கும் ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.