மார்கழிக் காலையில் செத்த ஒரு நைட்ரோ இன்ஜின்

திருவண்ணாமலைன்னு சொன்னதும் கிரிவலம், தீபம்னு போயிடாதீங்க. நான் சொல்றது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற எங்க திருவண்ணாமலை. சின்னக் குன்று, மேல சீனிவாசப் பெருமாள் கோயில், மேற்கே பார்த்தா மேற்குத் தொடர்ச்சி மலை. புரட்டாசி சனிக்கிழமைகள்ல கூட்டம் அள்ளும். மத்த நாள்ல அமைதியான இடம். அங்கேயிருந்து நல்லா தள்ளி ஒரு பொட்டல் இருக்கு. போன மார்கழியில அந்தப் பொட்டல்லதான் என் ரிமோட் கார் இன்ஜின் செத்துப்போச்சு.

பேட்டரி கார் இல்ல, நைட்ரோ கார். முந்தின நாள் மதியம் ரெண்டு மணிக்கு அதே இடத்துல, அதே பாட்டில் ஃப்யூயல்ல, சும்மா பறந்துச்சு. மறுநாள் காலையில ஆறரை மணிக்கு ஸ்டார்ட் பண்ணி, உடனே முழு த்ராட்டில் கொடுத்தேன். ரெண்டாவது ரவுண்டுல சத்தம் திடீர்னு கீச்சுன்னு ஏறிச்சு, புகை நின்னுச்சு, வண்டியும் நின்னுடுச்சு. ஃப்ளைவீலைக் கையால திருப்பினா அசையல. கழட்டிப் பார்த்தா பிஸ்டன் பக்கவாட்டுல நகத்தால கீறின மாதிரி கோடு கோடா இருந்துச்சு.

"மச்சான், நீ ட்யூனிங்ல கை வச்சியா?"ன்னு நண்பன் கேட்டான். இல்லவே இல்ல, ஸ்க்ரூவைத் தொடவே இல்லைன்னு பெருமையா சொன்னேன். தொடாததுதான் தப்புன்னு புரிய ஒரு வாரம் ஆச்சு.

இன்ஜின்ல இருந்து ஆரம்பிப்போம். என்னோடது 0.18 கன அங்குலம், அதாவது சுமார் 3 சிசி. ஒரு ஸ்பிளெண்டர் 97 சிசி. ஆனா இந்தச் சின்னது 30,000 ஆர்.பி.எம்.மை அசால்ட்டா தொடும். டூ ஸ்ட்ரோக் வேற, அதனால செகண்டுக்கு 500 தடவை உள்ள வெடிக்குது. ஸ்பார்க் ப்ளக் கிடையாது, க்ளோ ப்ளக்தான். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் 1.5 வோல்ட் கொடுத்து அதுக்குள்ள இருக்கிற பிளாட்டினம் சுருளைச் சூடாக்குவோம். அப்புறம் பேட்டரியை எடுத்துடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினம் மேல பட்டா வினை நடந்து வெப்பம் வரும். பிளாட்டினம் அங்க வினையூக்கி. அந்த வெப்பமும் எரியுற சூடும் சேர்ந்து சுருளை அணையாம வச்சிருக்கும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில மனப்பாடம் பண்ணின ஒரு வார்த்தை கண்ணு முன்னாடி வேலை செய்றதை நான் முதல்ல பார்த்தது இதுலதான். இதை 1947-ல அமெரிக்காவுல ரே ஆர்டன் என்பவர் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி மாடல் இன்ஜின்கள் காயில், கண்டென்சர், பேட்டரின்னு எல்லாத்தையும் கூடவே சுமந்துட்டு ஓடணும்.

ஸ்பார்க் இல்லைன்னா டைமிங்னு தனியா செட் பண்ணவும் எதுவும் இல்ல. ப்ளக்கோட சூடு, கம்ப்ரஷன், கலவை இந்த மூணும் சேர்ந்து எப்போ எரியணும்னு முடிவு பண்ணுது. இதை மனசுல வச்சுக்கோங்க.

அடுத்து ஃப்யூயல். பெரும்பகுதி மெத்தனால், கூட நைட்ரோமீத்தேன், அப்புறம் எண்ணெய். கார்களுக்கு நைட்ரோ 16-ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் சகஜம். எண்ணெய்ல சிந்தெடிக் பாதி, விளக்கெண்ணெய் பாதின்னு பல ஃப்யூயல்ல இருக்கும். ஆமா, பாட்டி வயித்தைச் சுத்தம் பண்ணக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான்! கடுமையான சூட்டுலயும் உலோகத்தை விட்டுப் பிரியாம ஒட்டிக்கிட்டு இருக்கும். காஸ்ட்ரால் என்கிற பேரே ஆமணக்கோட ஆங்கிலப் பேர்ல இருந்து வந்ததுதான்.

பைக்ல ஆயில் தனியா கீழ கிடக்கும். இதுல ஆயில் சம்ப் கிடையாது, ரேடியேட்டரும் கிடையாது. எண்ணெய் ஃப்யூயலோட வந்தாதான் உண்டு. குளிர்ச்சியிலயும் பெரிய பங்கு ஃப்யூயலோடதுதான். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக சுமார் 350 கிலோஜூல் போதும், மெத்தனாலுக்கு சுமார் 1,100 வேணும். அந்த வெப்பத்தை அது இன்ஜினுக்குள்ள இருந்துதான் உறிஞ்சும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். மெத்தனாலுக்கு ஆறரை கிலோ போதும். நைட்ரோமீத்தேன் தனக்குள்ளயே ஆக்சிஜன் வச்சிருக்கறதால அதுக்கு 1.7 கிலோதான். அதனால அதே காத்துக்கு நிறைய திரவத்தை உள்ள ஊத்தலாம், பவரும் வரும், குளிர்ச்சியும் வரும்.

இப்போ கார்ப்பரேட்டர்ல இருக்கிற அந்த நீடில் ஸ்க்ரூவைப் பாருங்க. கடிகார திசையில திருப்பினா ஃப்யூயல் குறையும், அதுதான் லீன். எதிர்த் திசையில திருப்பினா ரிச். லீன் பண்ணும்போது ஃப்யூயல் மட்டுமா குறையுது? எண்ணெய் குறையுது, குளிர்ச்சி குறையுது, சூடு ஏறுது, சூடு ஏறினா சீக்கிரமே தீப்பிடிக்குது, அதனால இன்னும் சூடு ஏறுது. கொடுமை என்னன்னா, சாகறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இன்ஜின் பிரமாதமா ஓடும். சத்தம் ஷார்ப்பா இருக்கும், வேகம் அள்ளும். புதுசா வர்ற எல்லாரும் அதைத்தான் நல்ல ட்யூனிங்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் அந்த மதியம் விளிம்புல கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

மார்கழிக்கு வருவோம். மதியம் 31 டிகிரி, காலையில 20 டிகிரின்னு வச்சுக்கோங்க. கெல்வின்ல 304, 293. குளிர்ந்த காத்து அடர்த்தியானது. வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 4 சதவீதம் காத்து கூடுதலா உள்ள போகுது. ஸ்க்ரூ அங்கேயே இருக்கு, ஃப்யூயல் அதே அளவு. அப்போ கலவை தானா லீன் ஆயிடுச்சு. நான் தொடவே இல்லைன்னு பெருமைப்பட்டேன்ல, காத்து தொட்டுடுச்சு! காலையில ரிச் பண்ணணும், வெயில் ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா லீன் பண்ணலாம். கொடைக்கானல் கொண்டுபோனா காத்தே மெலிசு, அங்க இன்னும் லீன் கேட்கும்.

இன்னொரு தப்பும் பண்ணேன், சூடாக விடாமலே ஓட்டினது. இந்த இன்ஜின்ல பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், பித்தளை ஸ்லீவ், அதுக்கு மேல குரோம் பூச்சு. ஏ.பி.சி.ன்னு சொல்வாங்க. ஸ்லீவ் மேல போகப் போக குறுகும். குளிரா இருக்கும்போது பிஸ்டன் உச்சியில இறுகிப் பிடிக்கும். சூடானா ஸ்லீவ் விரிஞ்சு சரியான இடைவெளி வரும். குளிர்ல இழுத்தா ரெண்டும் உரசும். அதனால ஓட்டி முடிச்சதும் பிஸ்டனை உச்சியில விட்டுட்டு வீட்டுக்குப் போகாதீங்க, ஸ்லீவ் சுருங்கிக் கவ்வும். ஃப்ளைவீல்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வச்சுக்கிட்டா பிஸ்டனைக் கீழ கொண்டுவந்து நிறுத்துறது சுலபம்.

சரி, ட்யூனிங் எப்படிப் பண்றது? முதல்ல ரிச்சா வச்சு, ரெண்டு மூணு நிமிஷம் மெதுவா ஓட்டிச் சூடாக்குங்க. அப்புறம் ஹை ஸ்பீட் நீடில். ஸ்க்ரூவோட வெட்டைக் கடிகார முள்ளா நினைச்சுக்கோங்க. ஒரு தடவைக்கு ஒரு மணி அளவுதான் திருப்பணும், அதாவது பன்னிரண்டுல ஒரு பங்கு. திருப்பினதும் ரெண்டு மூணு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுதான் அடுத்தது. முழு வேகத்துலயும் பின்னாடி மெல்லிசா நீலம் கலந்த வெள்ளைப் புகை கோடு விடணும். அது காணாம போச்சுன்னா உடனே த்ராட்டிலை விட்டுட்டு ரிச் பண்ணுங்க. ப்ளக் பக்கத்துல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டினா 95-ல இருந்து 120 டிகிரிக்குள்ள இருக்கலாம். தெர்மாமீட்டர் இல்லைன்னா ஹெட்டுல ஒரு சொட்டுத் தண்ணி. மூணு நாலு செகண்ட் கொதிச்சுப் போனா சரி, தோசைக்கல்லுல தெளிச்ச மாதிரி பட்டதும் போச்சுன்னா சூடு அதிகம். ஆனா நம்பரை மட்டும் நம்பாதீங்க. குளிர்நாள்ல லீன் இன்ஜினும் நல்ல நம்பர் காட்டும். புகைதான் பொய் சொல்லாது.

லோ ஸ்பீட் நீடிலுக்கு ஐடிலிங்ல கார்ப்பரேட்டர் பக்கத்துல ஃப்யூயல் டியூபைக் கிள்ளிப் பிடிங்க. சத்தம் லேசா ஏறி ரெண்டு மூணு செகண்ட்ல அணைஞ்சா சரி. உடனே அணைஞ்சா லீன், ரொம்ப நேரம் ஏறிக்கிட்டே போனா ரிச். ஐடில் ஸ்க்ரூ கடைசியா.

ட்யூனிங் ஒரு நிலையில நிக்கலைன்னா ஸ்க்ரூவோட சண்டை போடாதீங்க. டியூப்ல ஊசி ஓட்டை இருக்கும், இல்ல கார்ப்பரேட்டர் அடியில காத்து கசியும். ஃபில்டரையும் பாருங்க. எங்க ஊர் புழுதி பவுடர் மாதிரி, ராஜபாளையத்துல மில் பக்கம் ஓட்டினா பஞ்சுத் தூசி வேற. ஃபோமைக் கழுவிக் காய வச்சு, ஃபில்டர் ஆயில் தடவிப் போடுங்க. காஞ்ச ஃபோம் பொடித் தூசியைத் தடுக்காது.

ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, மிச்சத்தை எரிச்சு அணைச்சுடுங்க. மெத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிஞ்ச கழிவு அமிலத்தன்மை உள்ளது. ரெண்டும் சேர்ந்தா ஒரு வாரத்துல பேரிங் துரு. ப்ளக்கைக் கழட்டி நாலு சொட்டு ஆஃப்டர் ரன் ஆயில் விட்டு சுத்தி விடுங்க.

கடைசியா ஒண்ணு, இதை விளையாட்டா எடுக்காதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபதுக்கும் மேற்பட்ட உயிரை எடுத்தது இதே மெத்தனால்தான். 10 மில்லி உள்ள போனாலே பார்வை போகலாம். தோல் வழியாவும் ஏறும். தமிழ்நாட்டுல அதை வாங்கவும் வைக்கவும் லைசென்ஸ் வேணும். அதனால ஹாஸ்டல் ரூம்ல நீங்களா கலக்குற ஐடியாவே வேண்டாம், தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க. பில்லோட முறையா வாங்கின ஃப்யூயலை டிபார்ட்மெண்ட் லேப்ல பூட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்க. வெயில்ல அதோட தீ கண்ணுக்கே தெரியாது, அதனால பக்கத்துல ஒரு வாளித் தண்ணியும் நனைச்ச சாக்கும் இருக்கட்டும். காட்டோரம், காஞ்ச புல் பக்கம் ஓட்டாதீங்க. அந்த மலை புலிகள் காப்பகம்.

என் வண்டிக்குப் புது பிஸ்டன், ஸ்லீவ் போட்டாச்சு. பிரேக்-இன் மூணாவது டேங்க் ஓடிட்டு இருக்கு, புகை தாராளமா வருது. பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை பொட்டலுக்கு வாங்க. சத்தம் காதைக் கிழிக்கும், காதுல வைக்கப் பஞ்சு எடுத்துட்டு வந்துடுங்க. ராஜபாளையத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம்.