சொல்லும் மெய்யும் – 7: எழுதாத சொல்லுக்கு ஒரு குற்றச்சாட்டு

சென்ற வாரம் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் பேச்சுக்கலையைச் சமையலோடு சேர்த்து வைத்ததைப் பார்த்தோம். நாக்குக்கு இனிப்பது வேறு, உடம்புக்கு நல்லது வேறு என்பது அவர் கட்சி. அதே வழக்கு நம் காலத்தில் ஒரு பல்கலைக்கழக வாக்கெடுப்பு வரை போனது.

1992-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முன்வந்தது. இதெல்லாம் வழக்கமாகப் பெயரை வாசித்ததும் முடிந்துவிடுகிற காரியம். இந்த முறை ஆசிரியர்கள் நான்கு பேர் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டார்கள். கௌரவப் பட்டம் ஒன்று ஓட்டுக்கு வந்தது 29 ஆண்டுகளில் அதுவே முதல் தடவை.

ஓட்டுக்கு ஒரு வாரம் முன்பு, மே 9 அன்று, லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. அதில் கையெழுத்திட்டவர்களில் அமெரிக்கத் தர்க்கவியலாளர்கள் குவைன், ரூத் பார்கன் மார்கஸ், பிரெஞ்சுக் கணித மேதை ரெனே தோம் ஆகியோரும் உண்டு. லேசுப்பட்டவர்கள் இல்லை. தெரிதாவின் எழுத்தில் தெளிவும் கறாரும் கிடையாது. புரிகிற இடங்களில் அவர் சொல்வது பொய், அல்லது ஊரறிந்த விஷயம். மிச்சத்தில் பெரும்பகுதி வார்த்தை விளையாட்டு. இதுதான் கடிதத்தின் சாரம்.

அந்த விளையாட்டுக்கு ஒரு சான்றும் தந்தார்கள். தர்க்கப் பிழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் திரித்து ஆபாசமாக்கிய ஒரு சிலேடை. மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அப்படியொரு சொல்லைத் தான் எங்குமே எழுதியதில்லை என்றார் தெரிதா.

இதைச் சின்னத் தவறு என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. கறார் போதாது என்று ஒருவர் மேல் புகார் சொல்கிற கடிதம் அது. எடுத்துக்காட்டியது ஒரே ஒரு சொல். அதுவும் அவருடையது இல்லை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று ஒரு மாணவரிடம் கேட்கிற கேள்வியை அங்கே கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்காது. கடிதமோ பளிங்கு மாதிரி எழுதப்பட்டிருந்தது, ஒரு தடவை வாசித்தால் போதும். நடை தெளிவாக இருந்தால் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும் என்று மனசு தானாகவே ஒப்புக்கொண்டுவிடுகிறது. புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தோன்றுவதில்லை. அலங்கார நடை மயக்குவதைப் போலவே எளிய நடையும் மயக்கும். பின்னதை நாம் சந்தேகிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கோபத்தின் வேர் பழையது. ஆக்ஸ்ஃபோர்டு தத்துவவாதி ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சில வாக்கியங்கள் செய்தி சொல்வதில்லை, காரியம் செய்கின்றன என்று காட்டினார். ‘வாக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்வதுதான் வாக்குக் கொடுப்பது. ஆனால் மேடையில் நடிகர் கொடுக்கிற வாக்கையும் கவிதையில் வருவதையும் இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம் என்றார். 1971-ல் மாண்ட்ரியல் நகரில் பேசிய தெரிதா அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். திருமண உறுதிமொழி பலிப்பதே அது யாரும் திரும்பச் சொல்லக்கூடிய வாசகமாக இருப்பதால்தான். திரும்பச் சொல்ல முடிகிற எதையும் மேடையிலும் சொல்லலாம். அப்படியானால் மேடை எப்படி வெளியே நிற்கும்?

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சர்ல் மறுத்தார். ஆஸ்டின் செய்தது ஓர் ஆய்வு ஒழுங்கு மட்டுமே; உண்மையான வாக்கு என்னவென்று தெரிந்தால்தானே நடிப்பு வாக்கு புரியும் என்றார். எனக்கு இரண்டு பக்கமும் கனமாகவே தெரிகிறது. நின்று நிதானமாகப் பேச வேண்டிய கேள்வி.

பேசவில்லை. 1977-ல் ‘கிளிஃப்’ என்ற இதழில் வந்த சர்லின் மறுப்பு பத்துப் பக்கம் போல இருக்கும். அடுத்த இதழில் தெரிதா கொடுத்த பதில் ஏறக்குறைய தொண்ணூறு பக்கம். சர்ல் தன் கட்டுரையில் இரண்டு பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். அப்படியென்றால் இதை எழுதியது எத்தனை பேர் என்று ஆரம்பித்து, சர்லுக்கு ‘ஸார்ல்’ என்று பெயர் வைத்தார் தெரிதா. பிரெஞ்சில் அது லிமிடெட் கம்பெனியைக் குறிக்கும் சுருக்கெழுத்து. காப்புரிமைக் குறியை வைத்தும் கேலி தொடர்ந்தது.

வீட்டில் குழந்தைகளைக்கூட ‘விதண்டாவாதம் பண்ணாதே’ என்கிறோம். நியாய நூல்களில் வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்று உண்டு. மெய்யைத் தேடிப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காக எதையும் எடுத்துக்கொள்வது ஜல்பம். தனக்கென்று கட்சியே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரை உடைப்பது விதண்டை. தெரிதாவின் பதிலை விதண்டை என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு ஒரு கட்சி இருந்தது. ஆனால் ஜல்பம் நிறையவே இருந்தது. சர்லும் சளைக்கவில்லை. 1983-ல் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில், தெரிதாவின் நடை இருட்டாக எழுதி வாசகரை மிரட்டுகிற நடை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ தன்னிடம் நேரில் சொன்னதாக எழுதினார். தனிப்பேச்சில் சொன்னதை வாசகர் எங்கே போய்ச் சரிபார்ப்பது? மேடை வாக்கு பற்றிய கேள்வி இந்தச் சத்தத்தில் அமுங்கியே போனது.

1992 மே 16 அன்று நடந்த ஓட்டெடுப்பில் ஆதரவு 336, எதிர்ப்பு 204. ஜூனில் பட்டம் கொடுத்தார்கள்.

சர்லுக்குத் தெரிதா கொடுத்த அந்தப் பதில் அதற்கு முன்பே, 1988-ல், ‘லிமிடெட் இன்க்’ என்ற புத்தகமாக வந்தது. தன் கட்டுரையை அதில் சேர்க்க சர்ல் அனுமதி தரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பதிப்பாசிரியர் ஜெரால்டு கிராஃப் எழுதிய சுருக்கம்தான் இருக்கிறது. முதல் வாசிப்பில் தெரிதாவின் கேலி எனக்கு எரிச்சலூட்டியது. சர்ல் அப்படி என்னதான் சொல்லிவிட்டார் என்று பார்க்க, சிவப்புப் பென்சிலை எடுத்து, தெரிதா மேற்கோள் காட்டும் சர்லின் வரிகளை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போனேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. கடைசியில் சேர்த்துப் பார்த்தால், சர்ல் தர மறுத்த கட்டுரை, ஏறக்குறைய முழுசாக, அவரைக் கேலி செய்தவரின் பக்கங்களிலேயே இருந்தது.